கார் வாய் திறந்த கதை

இன்றைய மோட்டார் கார் ஒன்றின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில், முழங்காலுக்குச் சற்று மேலாகக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் செருகுவாய் விரலில் தட்டுப்படும். அதனுள் வரிசைக்கு 8 ஆக இரண்டு வரிசைகளில் 16 முனைகளுக்கு இடம் இருக்கும். கார் வாங்கிப் பல ஆண்டுகள் ஆனவர்களில்கூட இதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. ஆனால் காரைப் பழுது பார்க்கக் கொண்டு சென்றால், மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே இதைத்தான் தேடுகிறார். தம் கையிலுள்ள சிறு கருவியை இதில் செருகுகிறார். பணிமனைகளில் ‘ஸ்கேனர்’ என்று வழங்கும் அக்கருவியின் திரையில், சில நொடிகளில் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றுகின்றன. காரே தன் நோயைச் சொல்லிவிட்டது போல நமக்குத் தோன்றுகிறது.

இந்தச் செருகுவாய் யாருக்காக ஏற்பட்டது? மெக்கானிக்கின் வேலையை எளிதாக்கவா? காரின் சொந்தக்காரருக்குச் செலவைக் குறைக்கவா? இரண்டும் அல்ல. ஒரு நகரத்து மக்களின் கண்ணெரிச்சலில் தொடங்கிய போராட்டத்தின் விளைவு இது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், ஸ்கேனர் சொல்வதில் எதை நம்பலாம், எதை மேலும் ஆராய வேண்டும் என்பதும் நமக்கு விளங்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒருநாள் பழுப்பு நிறப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. பகைவர் நச்சுவாயுவை வீசிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் என்னும் பொருளைத் தயாரித்துவந்த ஓர் ஆலையின் மீது பழி விழுந்தது. மக்களின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் ஆலையைச் சில காலம் மூடினார்கள். ஆலை நின்றது, புகைமூட்டம் நிற்கவில்லை. சந்தேகப்பட்ட உறுப்பைக் கழற்றி எறிந்தும் நோய் தீரவில்லை!

உண்மைக் காரணத்தைக் கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலறிஞர். நெதர்லாந்தில் பிறந்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்தவர். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்கள் எவை என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், பழத்தின் ஆவியைச் சோதித்த அதே முறையில் நகரத்துக் காற்றையும் குளிர்வித்துச் சோதித்தார். கார்களின் புகைக்குழாய்களிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வெளிவரும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சேர்ந்து, சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கண்ணை எரித்த புகைமூட்டம் ஒரே புகைபோக்கியிலிருந்து வந்ததன்று. நகரத்தில் ஓடிய ஒவ்வொரு காரும் அதில் பங்கு கொண்டிருந்தது.

இதைக் கார்த் தொழிலதிபர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1953இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சிக்குழு உறுப்பினர் கென்னத் ஹான் எழுதிய கடிதத்துக்கு, கார்ப் புகை காற்றில் விரைவில் கலைந்து விடுகிறது, அதனால் தொல்லை ஏதும் இல்லை என்னும் பொருள்பட ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1967இல் கலிபோர்னியா மாநிலம் காற்று வள வாரியம் என்ற அமைப்பை நிறுவியது. அதன் முதல் தலைவர் நம் அன்னாசிப் பழ ஆராய்ச்சியாளர்தாம். 1970இல் அமெரிக்க மத்திய அரசின் தூய காற்றுச் சட்டம், காரின் நச்சுப் புகையில் 90 சதவீதத்தைச் சில ஆண்டுகளுக்குள் குறைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டது.

கார்புரேட்டர் தோற்ற இடம்

அந்த இலக்கை எட்ட 1975ஆம் ஆண்டின் மாதிரிகளில் வினையூக்கிக் கலம் பொருத்தப்பட்டது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலைமிகுந்த உலோகங்கள் பூசப்பட்ட இக்கலம் புகைக்குழாயின் வழியில் அமர்ந்து, கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் தீங்கு குறைந்த பொருள்களாக மாற்றுகிறது. பின்னர் ரோடியம் என்ற உலோகத்தையும் சேர்த்து, நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சிதைக்கும் மும்முனைக் கலம் வந்தது.

ஆனால் இந்தக் கலம் ஒரு பிடிவாதக்காரர் போன்றது. எஞ்சினுள் செல்லும் கலவையில் 1 பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். பெட்ரோல் சற்றே கூடினால் கார்பன் மோனாக்சைடு தப்பிச் செல்லும். காற்று சற்றே கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பிச் செல்லும். மேட்டில் ஏறும்போதும், நெரிசலில் நிற்கும்போதும், விடியற்காலைக் குளிரிலும், நண்பகல் வெயிலிலும் இந்த விகிதம் மாறாதிருக்க வேண்டும். சிறு துளைகளையும் மிதவையையும் கொண்டு வேலை செய்யும் கார்புரேட்டரால் இது ஆகிற காரியமா?

ஆகவே காருக்குள் மின்னணுவியல் நுழைந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய ஆக்சிஜன் உணர்கருவியை, 1976இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனம் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் பொருத்தியது. புகைக்குழாயில் திருகப்படும் இக்கருவி, ஸ்பார்க் பிளக் அளவே இருக்கும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட், குறைந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட் மின்னழுத்தம் தரும். இதைக் கண்டு, பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கும். 1981ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் கணிப்பொறிக் கட்டுப்பாட்டைப் பரவலாகப் புகுத்தியது.

ஓசையில்லாத நோய்

பழைய காலத்து மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், இளம் பழுப்பாக இருந்தால் சரி என்றும் அறிவார். அந்த எஞ்சின் தன் நோயை ஓசையாலும் நிறத்தாலும் மணத்தாலும் காட்டிக்கொடுத்தது.

கணிப்பொறி புகுந்த எஞ்சினில் நிலைமை மாறியது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவியின் கம்பி அறுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். கணிப்பொறி அதற்காக வண்டியை நிறுத்திவிடாது. வெப்பம் இவ்வளவு இருக்கலாம் என்று தானாக ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். ஓட்டுபவருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாமலே போகலாம். ஆனால் கலவை விகிதம் தவறும். புகைக்குழாயிலிருந்து நஞ்சு வெளிவரும். இந்த நோய்க்கு ஓசையில்லை. நோயாளிக்கும் வலியில்லை, வலி தெருவில் நடப்பவருக்கே!

இங்கேதான் நம் கதையின் திருப்பம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நாளில் கார் தூய்மையாக இருந்தால் போதாது. அது ஓடும் காலம் முழுவதும் தன்னைத் தானே கண்காணித்து, குறை நேர்ந்தால் ஓட்டுபவருக்கு அறிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியா காற்று வள வாரியம் கருதியது. இதற்கான விதியை 1985இல் இயற்றி, 1988ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கருவிப் பலகையில் எரியும் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு இதனால் கட்டாயமாயிற்று.

ஊருக்கு ஒரு மொழி

விளக்கு எரிகிறது, காரணத்தை எப்படி அறிவது? ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழி வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், தொழிற்சாலையில் வண்டியைச் சோதிப்பதற்கென்று வைத்த ஒரு செருகுவாய் இருந்தது. அதன் இரு முனைகளைச் சிறு கம்பித் துண்டால் இணைத்தால் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டு: இது 12 என்ற எண். மும்முறை 12 வந்தால் சோதனை முறை சரியாக இயங்குகிறது என்று பொருள். அதன் பிறகு 13 வந்தால் ஆக்சிஜன் உணர்கருவியின் மின்சுற்றில் குறை. 14 வந்தால் நீர் வெப்பத்தை அளக்கும் சுற்றில் குறை.

கிரைஸ்லர் காரிலோ சாவியை வேகமாக மும்முறை திருப்ப வேண்டும். ஹோண்டா காரில், இருக்கைக்கு அடியிலோ தரைவிரிப்புக்கு அடியிலோ ஒளிந்திருக்கும் கணிப்பொறிப் பெட்டியைத் தேடி, அதிலுள்ள சிறு விளக்கின் சிமிட்டலை எண்ண வேண்டும். ஒரு நிறுவனத்தின் 14 வேறு நிறுவனத்தில் வேறொன்றைக் குறிக்கும். ஸ்கேனர் கருவிகள் வந்தபோதும் காருக்கு ஒரு கம்பிவடம், நிறுவனத்துக்கு ஒரு நினைவுப் பொதி என்று வாங்கிக் குவிக்க வேண்டியிருந்தது. கார் பேசத்தான் செய்தது. ஆனால் அதன் மொழி, செய்தவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரிந்தது. தெருமுனைப் பணிமனைக்காரர் காது கேளாதவர் போல நின்றார்.

அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 1988இல் ஒரே வகைச் செருகுவாயையும் ஒரே வகைச் சோதனைக் குறிப்புகளையும் பரிந்துரைத்தது. கலிபோர்னியா 1989இல் இரண்டாம் கட்ட விதிகளை ஏற்றது. 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் நாடு முழுவதற்கும் இதை விரித்தது. புகை தொடர்பான பழுதுபார்ப்புக்கு வேண்டிய தகவல்களைத் தனியார் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்றும் அது சொன்னது. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் அந்த 16 முனைச் செருகுவாய் ஓட்டுநருக்கு அருகில் இடம் பெற்றது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லும், டீசல் கார்களுக்கு அதன் பின்னரும் இதே ஏற்பாடு வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன.

இந்தப் பொதுமொழியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பற்றிய குறிகள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். பிரேக் முதலியவற்றுக்கும், காற்றுப்பை முதலியவற்றுக்கும், கணிப்பொறிகளுக்கிடையே உள்ள தொடர்புக்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. அடுத்த இலக்கம் 0 என்றால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. 1 என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய குறி. ‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ‘பி 0420’ என்றால் வினையூக்கிக் கலத்தின் திறன் குறைந்துவிட்டது.

இவற்றைக் கார் எப்படி அறிகிறது? ஒரு சிலிண்டரில் எரிதல் தவறினால் கிராங்க் தண்டின் சுழற்சி ஒரு கணம் தளரும். கையால் உணர முடியாத அந்தத் தளர்ச்சியைக் கணிப்பொறி அளந்துவிடுகிறது. வினையூக்கிக் கலத்துக்கு முன்னும் பின்னும் ஓர் ஆக்சிஜன் உணர்கருவி வைத்திருக்கிறார்கள். கலம் நல்ல நிலையில் இருந்தால் ஆக்சிஜனைச் சேமித்துச் செலவிடுவதால், பின்னுள்ள கருவியின் மின்னழுத்தம் அமைதியாக இருக்கும். முன்னது ஏறி இறங்குவது போலவே பின்னதும் ஏறி இறங்கத் தொடங்கினால் கலம் களைத்துவிட்டது என்று பொருள்.

குறி என்பது புகார், தீர்ப்பு அன்று

இப்போது நம் சட்டைப்பைக்கு நேரான செய்திக்கு வருவோம். ‘பி 0171’ என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். கலவையில் பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். இதைச் சொன்னது யார்? ஆக்சிஜன் உணர்கருவி. உடனே சிலர் அக்கருவியையே கழற்றிப் புதியது போடுகிறார்கள். பணம் செலவாகிறது, சில நாள்களில் விளக்கு மீண்டும் எரிகிறது. தீ பரவுகிறது என்று கூவியவனைப் பிடித்து அடைத்தால் தீ அணையுமா?

பெட்ரோல் குறைவதற்குக் காரணங்கள் பல. காற்று உள்ளே வரும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவியில் தூசி படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்பு வலுவிழந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். புகைக்குழாயில் உணர்கருவிக்கு முன்னால் ஓட்டை இருந்தால், வெளிக்காற்று புகுந்து அக்கருவியை ஏமாற்றியும் விடலாம். ஒரே குறிக்கு இத்தனை காரணங்கள்!

தேர்ந்த மெக்கானிக் குறியோடு நிற்பதில்லை. ஓடும் எஞ்சினின் அளவுகளை அதே ஸ்கேனரில் பார்க்கிறார். கலவையைச் சரிக்கட்டக் கணிப்பொறி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டித் தருகிறது என்பது சதவீதமாகத் திரையில் தெரியும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இது மிகுந்தும், நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் இயல்புக்கு அருகிலும் இருந்தால், எங்கோ வெளிக்காற்று கசிந்து நுழைகிறது என்று அவர் ஐயுறுவார். மெதுவாக ஓடும்போது இயல்பாகவும், வேகத்திலும் பளுவிலும் மிகுந்தும் இருந்தால், பெட்ரோல் வரத்தையோ காற்றை அளக்கும் கருவியையோ சோதிப்பார். குறி பதிவான வேளையில் வேகம், வெப்பம், பளு ஆகியவை எப்படி இருந்தன என்பதையும் கார் நினைவில் வைத்திருக்கும், அதையும் படிப்பார். பிறகே ஸ்பேனரை எடுப்பார். 1943இல் ஆலையை மூடியவர்களுக்கும், காற்றைக் குளிர்வித்துச் சோதித்த ஹாகன்-ஸ்மிட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே அன்றோ?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் குறியும் அழியும், விளக்கும் அணையும். நோய் தீர்ந்ததாக ஆகாது. குறியை அழிக்கும்போது காரின் தற்சோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். மீண்டும் சில நாள் ஓடினால்தான் அவை நிறைவுறும். எனவே, பழைய கார் வாங்குபவர் விளக்கு எரியவில்லை என்பதோடு மனநிறைவு அடையாமல், தற்சோதனைகள் நிறைவுற்றிருக்கின்றனவா என்றும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்வது நல்லது.

பேச்சைக் கேட்கும் உரிமை

பொதுமொழி வந்ததால் ஸ்கேனரின் விலை சரிந்தது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த ஒரு நுண்சில்லும் அதைப் பார்த்துச் செய்த நகல்களும், 2005க்குப் பிறகு கைபேசியையே ஸ்கேனராக்கிவிட்டன. முன்பு பெரிய விற்பனை நிலையங்களில் மட்டும் படிக்க முடிந்ததை இன்று யாரும் படிக்கலாம்.

ஆனால் போராட்டம் முடிந்துவிடவில்லை. காரின் சொல்லைப் பொய்யாக்கவும் முடியும் என்பது 2015இல் வெளிப்பட்டது. வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில், சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்று கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் கார்களில் மஞ்சள் விளக்கு எரிந்து இதைச் சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் புகைக்குழாயில் அளவுகருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டிப் பார்த்ததே குட்டை உடைத்தது.

அதே 2015இல் இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பைத் தொலைவிலிருந்தே கணிப்பொறி வழியாக ஆட்டுவித்துக் காட்டினர். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன் பிறகு சில நிறுவனங்கள், அனுமதி பெற்ற ஸ்கேனர்களுக்கு மட்டுமே முழுமையாகத் திறக்கும் மின்னணுப் பூட்டைக் காருக்குள் வைக்கத் தொடங்கின. பாதுகாப்புக்கு இது தேவை என்கிறார்கள் அவர்கள். சிறு பணிமனைகளின் பிழைப்பைக் கெடுக்கும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012லும் 2020லும் வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவலைப் பெறும் உரிமையை நிலைநாட்ட முயன்றனர். மின்சாரக் காருக்குப் புகைக்குழாயே இல்லை. புகைக்காகப் பிறந்த சட்டம் அதற்குத் தானாகப் பொருந்தாது. அதன் மின்கலத்தின் நலத்தை யார் படிக்கலாம் என்ற கேள்வியை இனிப் புதிதாகத் தீர்க்க வேண்டும்.

இனி உங்கள் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அது நிலையாக எரிந்தால் சில நாளுக்குள் காட்டலாம். விட்டுவிட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் வினையூக்கிக் கலத்தைப் பொசுக்கிக்கொண்டிருக்கலாம். வேகத்தைக் குறைத்து, விரைவில் வண்டியை நிறுத்துங்கள். பணிமனையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன குறி வந்தது? அது பதிவான வேளையில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது? இந்த உறுப்புதான் காரணம் என்று வேறு எந்தச் சோதனையால் உறுதி செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாக விடை சொல்பவரிடம் காரை நம்பி விடலாம்.